மறுமொழி: ஓடையில் ஆலைக் கழிவு, நிர்வாகமோ 'சென்சார் அளவு சரி' என்கிறது

தம்பி, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அம்மா வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடை மழைக்கு மறுநாள் பழுப்பாக நுரைத்து நாறுகிறது, கேட்டால் செம்பனை எண்ணெய் ஆலையில் 'சென்சார் அளவு சரி' என்று சொல்லி, சுற்றுச்சூழலைக் காப்பதாகக் கூறும் நிலைத்தன்மை அறிக்கையை நீட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் கோபம் வந்தது.

கழிவுநீரை அளக்கும் அந்தச் சென்சார் சரியாகவே காட்டலாம். அது பொதுவாக இருப்பது கழிவுநீர் வெளியேறும் கடைசி வாய்க்காலில். கழிவுக்குளம் நிரம்பிக் கரை வழியாக வழிந்தால் அதற்குத் தெரியாது. சுத்திகரிக்காத செம்பனைக் கழிவுநீரில் பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் தண்ணீரிலிருந்து இழுக்கும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். ஆற்றில் விடப் பொதுவான வரம்பு 100 மட்டுமே. சிறிய ஓடையில் கொஞ்சம் வழிந்தாலே மீன் செத்து மிதக்கலாம்.

ஆகவே உங்கள் கையிலும் ஆதாரம் வேண்டும். நேரமும் இருப்பிடமும் படத்திலேயே பதியும் கேமரா செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் நின்று மழைக்கு முன்னும் பின்னும் எடுங்கள். ஓடை ஆலையை வந்தடையும் முன் உள்ள தண்ணீரையும் கட்டாயம் படமெடுங்கள், வித்தியாசம் அங்கேதான் தெரியும். புலனத்தில் (வாட்ஸ்அப்) சாதாரணமாக அனுப்பினால் படத்தின் உள்விவரங்கள் போய்விடும்; மூலப்படத்தை அழிக்காதீர்கள்.

முதலில் சுற்றுச்சூழல் துறையில் புகார் செய்து எண் வாங்குங்கள். அப்புறம் அந்த ஆலை நிறுவனம் ஆர்எஸ்பிஓ (செம்பனை எண்ணெய்க்கு நிலைத்தன்மைச் சான்று தரும் உலக அமைப்பு) உறுப்பினரா என்று அந்த அமைப்பின் இணையத்தளத்தில் தேடுங்கள்; உறுப்பினர் என்றால் அங்கேயும் புகார் கொடுக்கலாம். வாங்குபவர்களையும் விடாதீர்கள். யூனிலீவர், நெஸ்லே போன்றவை தங்களுக்கு எண்ணெய் வரும் ஆலைகளின் பட்டியலை வெளியிடுகின்றன. உங்கள் ஆலை அதில் இருந்தால் அதே படங்களை அவர்களுக்கும் அனுப்புங்கள்.

அம்மா இருப்பது தோட்ட நிர்வாகம் கொடுத்த வீடு என்றால், பெயரை வெளியிட வேண்டாமென்று புகாரிலேயே எழுதிவிடுங்கள்.