ஓவரியை எடுத்தால் மறதி வருமா? ஈஸ்ட்ரோஜன் மூளையைக் காக்கிறது என்பது உண்மையா?

42 வயது அம்மாவுக்குக் கர்ப்பப்பைக் கட்டி, இரண்டு ஓவரியையும், அதாவது சினைப்பைகளையும், சேர்த்தே எடுத்துவிடலாம் என்கிறார்கள், மூளைக்குப் பாதிப்பு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக ஆபரேஷனுக்குத் தேதியும் குறித்திருப்பார்கள்.

வரலாம். நான் டாக்டர் இல்லை, அக்காவுக்காகத் தேடிப் படித்தவள். ஓவரியில் சுரக்கும் ஹார்மோன்தான் ஈஸ்ட்ரோஜன். மூளை செல்களில் அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன, நினைவைக் கவனிக்கும் ஹிப்போகாம்பஸிலும்கூட. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதாகாமல் ஈஸ்ட்ரோஜன் காக்கிறது. ஓவரி எடுத்த எலிகளுக்கு முன்கூட்டியே எஸ்ட்ராடயால் என்ற ஈஸ்ட்ரோஜன் வகையைக் கொடுத்து, மூளை ரத்தக்குழாயை அடைத்துப் பார்த்தார்கள். கொடுக்காத எலிகளைவிடச் சேதம் குறைவாக இருந்தது.

அக்காவுக்கு 38 வயதில் ஆபரேஷன். "ரெண்டு பிள்ளை பெத்தாச்சே, இனி எதுக்கு?" என்றார் டாக்டர். கட்டி கர்ப்பப்பையில்தான், ஓவரியில் ஒன்றும் இல்லை. அக்கா தையல்காரி. அளவு நோட்டைப் பார்த்துவிட்டுத் துணியில் சாக்பீஸ் வைப்பதற்குள் தோள் அளவு மறந்துவிடும். ராத்திரி குப்பென்று வியர்த்து எழுந்து உட்கார்ந்திருப்பாள். வேலையில் கவனமில்லை என்று மாமா திட்டினார். வேறு ஊர் டாக்டர் ஒருவர்தான் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்து, "பி.எஸ்.ஓ.ன்னு போட்டிருக்கு, ரெண்டு ஓவரியும் எடுத்திருக்காங்க, சொல்லலையா?" என்று கேட்டார். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இப்போது நோட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டுவதில்லை. தூக்கம் சரியானதால்தான் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன், அதுவும் இருக்கலாம்.

"ஹார்மோன் மாத்திரையால் டிமென்ஷியா, அதான் மறதி நோய், வரும்" என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன். 2003இல் வெளிவந்த அந்த அமெரிக்க ஆய்வு 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் நடந்தது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோன் மருந்தும் சேர்த்து எடுத்தவர்களுக்கு டிமென்ஷியா ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கானது. மாதவிலக்கு நின்று பல வருஷம் கழித்து ஆரம்பிப்பது வேறு, 42 வயதில் திடீரென்று இழந்ததை ஈடுகட்டுவது வேறு. 2007இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை ஆய்வாளர்கள், மாதவிலக்கு நிற்கும் முன்பே ஓவரி எடுத்தவர்களுக்குப் பின்னாளில் மறதி நோய் ஆபத்து கூடுவதாகவும், எடுத்த வயது குறையக் குறைய அது அதிகம் என்றும் எழுதினார்கள். பரம்பரையாகப் புற்றுநோய் மரபணு உள்ளவர்களுக்கு ஓவரியை எடுப்பதுதான் பாதுகாப்பு, அவர்களைச் சொல்லவில்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியானவர்களும் டாக்டரைக் கேட்காமல் இந்த மாத்திரையைத் தொடக் கூடாது.

ஓவரியில் என்ன கோளாறு, எதற்கு எடுக்கிறீர்கள் என்று முன்னாலேயே கேளுங்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால், அப்புறம் ஹார்மோன் தருவீர்களா என்றும் கேளுங்கள்.

இன்னொன்று எனக்கு ஆறவே ஆறாது. சம்மதப் படிவம், ஸ்கேன் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாமே ஆங்கிலம். பில்லில் மட்டும் கட்ட வேண்டிய தொகையைத் தமிழில் எழுதியிருந்தார்கள். வயிற்றிலிருந்து எதை எடுத்தார்கள் என்பதையும் தமிழில் ஒரு வரி எழுதினால் என்ன? தமிழ் படிக்கத் தெரிந்த அக்கா அதை இன்னொருவர் வாயால் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.