பி.இ. 5 என்றால் மலிவா?

அன்புள்ள சார்,

கெபாசிட்டர், ரெசிஸ்டர் போன்ற எலக்ட்ரானிக் உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் பங்கு பி.இ. 5-க்கு, அதாவது ஒரு வருட லாபத்தைப் போல ஐந்து மடங்கு விலைக்குக் கிடைக்கிறது. கடன் இல்லை. இரண்டே வருடத்தில் லாபம் நான்கு மடங்காகியிருக்கிறது. விலையோ உச்சத்திலிருந்து பாதியாக இறங்கிவிட்டது. மகளின் கல்லூரிச் செலவுக்கென்று 4 லட்சம் வைத்திருக்கிறேன், இரண்டு வருடம் கழித்துத்தான் தேவைப்படும். இதைப் போட்டு வாங்கலாமா?

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

இப்போது வாங்க வேண்டாம். கடிதத்தில் எனக்குக் கவலை தந்ததே அந்த 5-தான். லாபம் நான்கு மடங்கு ஏறினால் பி.இ. தானாகவே சிறுத்துவிடும். அந்த லாபம் எங்கிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள்.

2018-இல் பவர் சப்ளை யூனிட்கள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் இருந்தேன். செராமிக் கெபாசிட்டர் கடுகைவிடச் சின்னது, விலை பைசாக் கணக்கில். ஒரு ரீலில் காகித நாடாவுக்குள் 4,000 இருக்கும். ஜப்பான் நிறுவனங்கள் காருக்கும் செல்போனுக்குமான ரகங்கள் பக்கம் திரும்பியதால் சாதாரண அளவுகளுக்குக் கடும் தட்டுப்பாடு. சில வாரங்களில் வந்துகொண்டிருந்த சரக்குக்கு ஒரு வருடம் ஆகும் என்றார்கள். அந்தப் பைசாச் சாமான் ஒன்று இல்லாவிட்டால் மொத்த போர்டும் நிற்கும். எங்களுக்குத் தேவை 2 லட்சம். நான் மூன்று டிஸ்ட்ரிபியூட்டர்களிடம் ஆளுக்கு 2 லட்சம் ஆர்டர் போட்டேன். யாராவது ஒருவர் கொடுத்தால் போதும் என்ற பதற்றம். தயாரிப்பாளரின் கணக்கில் அது 6 லட்சத்துக்கான தேவையாகப் பதிவாகியிருக்கும். என்னைப் போல எத்தனை ஊரில் எத்தனை பேரோ! அடுத்த வருடம் மூன்று பக்கமிருந்தும் சரக்கு வரத் தொடங்கியது. எங்கள் ஸ்டோரில் பிரிக்காத ரீல்கள் அலமாரி நிறைய. மிச்ச ஆர்டரை ரத்து செய்துவிட்டு, பல மாதம் அந்த ஐட்டத்துக்கு ஒரு ஆர்டர்கூடப் போடவில்லை.

அந்தத் தட்டுப்பாட்டில் நன்றாகச் சம்பாதித்த கெபாசிட்டர் நிறுவனங்களில் ஒன்று தைவானின் யாகியோ. 2018 ஜூலையில் அதன் பங்கு 1,300 தைவான் டாலரைத் தொட்டது. டிசம்பர் முடிவில் ஏறத்தாழ கால்பங்குதான் மிச்சம். பாதி விலையில் மலிவு என்று வாங்கியவர்களும் அதில் இருந்தார்கள் என்பதை மறக்காதீர்கள்.

இன்னும் பழைய கதை ஒன்று. 2000-இல் இதே உதிரிபாகங்களைச் செய்யும் அமெரிக்காவின் விஷே நிறுவனம் சுமார் 246 கோடி டாலருக்கு விற்று 51 கோடிக்கு மேல் நிகர லாபம் பார்த்தது. கெபாசிட்டர் செய்யப் பயன்படும் டான்டலம் என்ற உலோகத் தூளுக்கு அப்போது அவ்வளவு கிராக்கி. கிடைக்காமல் போய்விடுமோ என்று அதை விற்கும் காபட் நிறுவனத்துடன் பல ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். மறு வருடமே விற்பனை 165 கோடியாகச் சரிந்தது, லாபம் கிட்டத்தட்ட பூஜ்யம். டான்டலம் விலை விழுந்த பிறகும் ஒப்பந்தப்படி வாங்கியே ஆகவேண்டிய நிலை. 2002-இல் அந்தச் சுமையும் சேர்ந்து நஷ்டம். அந்தப் பங்கு 2000-இல் தொட்ட உச்சத்தை 20 வருடம் கழித்தும் எட்டவில்லை. தொழில் தெரிந்த, திறமையான நிர்வாகம்தான். அவர்களே உச்சத்தை நிரந்தரம் என்று நம்பிவிட்டார்கள்.

சரி, இந்தத் துறையையே தொடக்கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன், எனக்குப் பிடித்த துறை இது. பல ஆண்டுச் சராசரி லாபத்தைப் பாருங்கள் என்று முதலீட்டு அறிஞர் பெஞ்சமின் கிரஹாம் சொன்னது இந்த மாதிரிப் பங்குகளுக்கு அப்படியே பொருந்தும். ஒரு ஏற்றம், ஒரு இறக்கம் இரண்டும் அடங்கும்படி பத்து வருட லாபத்தை எடுத்துச் சராசரி போடுங்கள். இப்போதைய விலையை அதனால் வகுத்தால் உங்கள் 5 அநேகமாக 15, 20 என்று வந்து நிற்கும். அப்புறம் புத்தக மதிப்பு, அதாவது கணக்குப்படி சொத்திலிருந்து கடன்களைக் கழித்த மிச்சம். லாபம் காணாமல் போய், பி.இ. போடவே முடியாத சமயத்தில், கடனில்லாத நிறுவனம் புத்தக மதிப்புக்குக் கீழே கிடைத்தால் நான் வாங்கத் தொடங்குவேன். கடன் இல்லை என்று நீங்கள் கவனித்தது ரொம்பச் சரி. இறக்கத்தைத் தாண்டி வர அதுதான் உதவும்.

அதுவரை காலாண்டு அறிக்கையில் இரண்டு இடத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள்: புதிய ஆர்டர்கள் விற்பனையைவிடக் குறைகின்றனவா, டிஸ்ட்ரிபியூட்டர்களிடம் சரக்கு தேங்குகிறதா. தேங்கிய சரக்கு கரைந்து, ஆர்டர் மறுபடி விற்பனையைத் தாண்டும்போது எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே கணக்குப் போடலாம்.

மகளுக்கான 4 லட்சத்தை மட்டும் இதில் கொண்டுவராதீர்கள். இறங்கிய பங்கு மீள மூன்று வருடமும் ஆகலாம், ஐந்தும் ஆகலாம். கல்லூரி அதுவரை காத்திருக்காது. வங்கி வைப்பிலேயே இருக்கட்டும்.

அன்புடன்