ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச் மேதையா, இல்லை வெறும் திமிர் பிடித்தவரா?

கேள்வி கேட்டவர் அநேகமாக இப்போதுதான் யாரோடோ சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார். "ஒரு சாம்பியன்ஸ் லீக்கூட ஜெயிச்சதில்ல, வாய் மட்டும்தான்" என்று நண்பர் யாராவது சொல்லியிருப்பார் (அது ஐரோப்பியக் கிளப்புகளின் பெரிய கோப்பை). அங்கே பதில் வரவில்லை, இங்கே வந்து கேட்கிறார். இந்தச் சண்டையை நான் இரண்டு பக்கமும் நின்று போட்டவன், அதனால் தெரியும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஸ்வீடன் கால்பந்து ஸ்ட்ரைக்கரான இந்த ஸ்லாட்டனுக்கு நான் ரசிகன் இல்லை. மெஸ்ஸியை விட, ரொனால்டோவை விடப் பெரியவர் என்று எங்கேயும் சொல்லவில்லை, ஆகவே அந்தக் கணக்கைத் தூக்கிக்கொண்டு யாரும் கருத்துப் பகுதிக்கு வர வேண்டாம். கல்லூரி அணியில் மூன்று வருடம் கோல்கீப்பராக நின்றவன் நான். ஸ்ட்ரைக்கர்கள், அதாவது முன்னால் நின்று கோல் அடிப்பவர்கள், என்ற இனத்தின் மீதே எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஒன்பது தடவை கோட்டை விட்டு, பத்தாவதில் ஒன்று உள்ளே போனால் அவன் ஹீரோ. நாங்கள் ஒன்பதைத் தடுத்து ஒன்றை விட்டால் ஊரே எங்களைத் திட்டும். வருடத்தின் சிறந்த வீரருக்கான பாலன் தோர் விருதை இதுவரை வாங்கிய ஒரே கீப்பர் லெவ் யாஷின், அதுவும் 1963இல். சரி, அது வேறு கதை.

அந்த 2012 நவம்பர் 14 ஆட்டத்தையும் நான் இங்கிலாந்து கீப்பர் ஜோ ஹார்ட் பக்கம் இருந்துதான் பார்த்தேன். ஸ்டாக்ஹோமில் புதிதாகக் கட்டிய அரங்கில் முதல் ஆட்டம், ஸ்வீடனும் இங்கிலாந்தும். 2-1 என்று பின்தங்கியிருந்த ஸ்வீடனை 3-2 என்று முன்னால் கொண்டுவந்துவிட்டார் ஸ்லாட்டன், மூன்று கோலும் அவருடையது. தொண்ணூறு நிமிடம் முடிந்துவிட்டது. நீளமாக ஒரு பந்து வருகிறது. ஹார்ட் கோலுக்கு முன்னால் இருக்கும் பாக்ஸை விட்டு ஓடிவந்து தலையால் முட்டித் தள்ளுகிறார். கீப்பராகச் சொல்கிறேன், அது தப்பான முடிவே இல்லை. பாக்ஸுக்கு வெளியே கையால் தொட முடியாது, காலுக்கு எட்டாத உயரம், தலைதான் மிச்சம். பந்து நன்றாக மேலே எழும்பிப் போனது. அது இறங்குகிற இடத்தில் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இந்த மனிதர். வேறு எந்த ஸ்ட்ரைக்கராக இருந்தாலும் நெஞ்சில் வாங்கி, திரும்பி, பார்த்து அடிப்பான். அதற்குள் ஹார்ட் பாதி தூரம் திரும்பி ஓடியிருப்பார். இவர் அந்தரத்தில் புரண்டு, சுமார் 30 கெஜத்திலிருந்து தலைக்கு மேலே காலை வீசினார். கோட்டருகே சறுக்கிவந்த டிஃபெண்டரையும் தாண்டி உள்ளே இறங்கியது பந்து. அதற்கு 2013ஆம் ஆண்டின் சிறந்த கோலுக்கான புஷ்காஷ் விருது கிடைத்தது.

இதில் நான் கவனித்தது கோலை அல்ல. அந்த அடி தவறியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதைத்தான். ஆறடி ஐந்து அங்குல மனிதர் மல்லாக்க விழுந்து கிடப்பார், பந்து கேலரிக்குப் போயிருக்கும், மறுநாள் பத்திரிகையில் 'திமிர்' என்று வந்திருக்கும். அந்தக் கேலியை வாங்கத் தயாராக இல்லாதவன் அந்த அடியை யோசிக்கவே மாட்டான்.

மற்றபடி திமிருக்கு உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை, கொட்டிக் கிடக்கிறது. ஸ்வீடனின் மால்மோ கிளப்பில் விளையாடிக்கொண்டிருந்த பையனை லண்டன் கிளப்பான ஆர்சனல் தேர்வு ஆட்டத்துக்குக் கூப்பிட்டபோது, தேர்வெல்லாம் எனக்கு எதுக்கு என்று போகாமல் இருந்தவர். 2014 உலகக் கோப்பைக்கு ஸ்வீடன் தகுதி பெறாதபோது, நான் இல்லாத உலகக் கோப்பையில் பார்க்க என்ன இருக்கிறது என்றார். 2018இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கேலக்ஸி அணிக்குப் போனதும் செய்தித்தாளில் முழுப்பக்க விளம்பரம்: அந்த நகரம் சொல்லாத நன்றிக்கு, பரவாயில்லை இருக்கட்டும் என்கிற பாணியில் ஒரே வரி. படித்துவிட்டு எனக்கு எரிச்சல்தான் வந்தது. முதல் ஆட்டத்தில் 3-0 என்று பின்தங்கிய அணிக்கு மாற்று ஆளாக இறங்கி, கடைசி இரண்டு கோலையும் அடித்து 4-3 என்று ஜெயிக்க வைத்தார். எரிச்சல் போகவில்லை, ஆனால் வாயை மூடிக்கொண்டேன்.

எல்லாவற்றையும் நியாயப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஸ்வீடன் பெண்கள் கால்பந்தைப் பற்றி 2013இல் அவர் பேசிய கிண்டல் பேச்சு அசல் திமிர்தான், அதற்கு வேறு பெயர் கிடையாது. அதே ஆள் 2015இல் பாரிஸ் அணிக்காக கோல் அடித்துவிட்டுச் சட்டையைக் கழற்றினார். பார்த்தவர்கள் எல்லாம் வழக்கம்போல உடம்பைக் காட்டுகிறார் என்றுதான் நினைத்தார்கள். பட்டினியில் வாடும் 50 பேரின் பெயர்களைத் தற்காலிகப் பச்சையாக உடம்பில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். நடுவர் மஞ்சள் அட்டை கொடுத்தார். விதி அப்படி, நடுவரைக் குறை சொல்லவில்லை.

இந்தத் திமிர் என்கிற சொல் மேலேயே எனக்கு ஒரு கோபம் உண்டு. போன வருடம் என் அலுவலக அப்ரைசலில் 'ஆட்டிட்யூட் சரியில்லை' என்று எழுதியிருந்தார்கள். நான் செய்தது இவ்வளவுதான்: கூட்டத்தில் மேலாளர் சொன்ன தேதிக்கு வேலை முடியாது என்று சொன்னேன். முடியவும் இல்லை. முடியும் முடியும் என்று தலையாட்டியவர்களுக்கு 'டீம் பிளேயர்' என்று பாராட்டு. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். எழுத வேண்டும்போல இருந்தது.

சரி, என் கதைக்கு வருகிறேன். எங்கள் கல்லூரி அணியில் ஒரு ஸ்ட்ரைக்கர் இருந்தான். சட்டை எண்ணை வைத்து 'ஒன்பது' என்றே கூப்பிடுவோம். பாஸ் கொடுக்க மாட்டான், பின்னால் ஓடிவந்து தடுக்க மாட்டான், ஆட்டத்துக்கு முன்னால் கண்ணாடி பார்த்துத் தலை சீவுவான். இருபது கஜ தூரத்தில் ஆளில்லாமல் ஒருத்தன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது இவன் மூன்று பேர் நடுவே புகுந்து அடிப்பான். பாதி நேரம் உள்ளே போய்விடும், அதுதான் தொல்லை. போகாவிட்டால் திட்டலாம்.

கடைசி வருடம் ஃபைனல் பெனால்டிக்குப் போனது. எதிரணியின் மூன்றாவது உதையை நான் தடுத்தேன். என் கையுறையில் வலது நடுவிரல் கிழிந்து, கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. பந்து சரியாக அந்த டேப்பில் பட்டு வெளியே போனது. அவர்கள் ஐந்தில் நான்கு. நாங்கள் நான்கு அடித்து நான்கும் கோல். ஐந்தாவதை அடிக்க வந்தவன் 'ஒன்பது'. அடித்தால் கோப்பை.

ஓடிவந்து, நடுவில், மெதுவாகத் தூக்கிப் போட்டான். 1976 யூரோ ஃபைனலில் செக்கோஸ்லோவாகியாவின் பனென்கா மேற்கு ஜெர்மனிக்கு எதிராகக் கோப்பையையே தீர்மானித்த உதையில் செய்தாரே, அது. கீப்பர் ஒரு பக்கம் பாய்ந்தால்தான் அது கோல். அந்தக் கீப்பர் அசையாமல் நின்றான். மாங்காய் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டான். ஆறாவது சுற்றில் அவர்கள் அடித்தார்கள், எங்கள் ஆள் கம்பத்தில் அடித்தான். முடிந்தது.

அன்றைக்கு உடைமாற்றும் அறையில் நான் அவனைப் பேசியது கொஞ்சநஞ்சம் இல்லை. "உன் ஷோவுக்கு எங்க கோப்பைதான் கெடச்சுதா?" என்று கேட்டேன். அவன் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே இருந்தான், பதில் சொல்லவில்லை. அதுவும் திமிராகத்தான் பட்டது. அப்புறம் நாலு வருடம் பேச்சில்லை.

ஸ்லாட்டன் அந்த கோலை அடித்த இரவு, என்ன தோன்றியதோ, பழைய எண்ணைத் தேடி எடுத்து அவனுக்குப் போன் போட்டேன். அவனும் விழித்துக்கொண்டுதான் இருந்தான். ஹலோகூட இல்லை, "பாத்தியாடா?" என்றான். கொஞ்ச நேரம் ஸ்லாட்டனைப் பற்றியே பேசினோம். பிறகு நானே அந்தப் பெனால்டியை எடுத்தேன்.

"நீ அத பாக்கவே இல்லையேடா" என்றான்.

உண்மைதான். கோட்டோரம் நின்று கையுறையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தேன். கூட்டத்தின் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். மேலே எழுதிய விவரமெல்லாம் மற்றவர்கள் சொன்னது.

"அப்புறம், அந்தக் கீப்பர் ஒவ்வொரு தடவையும் சீக்கிரமே விழுந்துடறான், நடுவுல போட்டா கோல்னு யார் சொன்னது?"

நான்தான். அரையிறுதியில் அந்தக் கீப்பரின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து, முந்தின நாள் இரவு பெரிய ஞானி மாதிரி சொன்னேன். சுத்தமாக மறந்துபோயிருந்தது.

"ஏன்டா இத அன்னைக்கே சொல்லல?"

"சொன்னா நீ சொல்லித்தான் அடிச்சேன்னு ஆயிடும். அது என் ஷாட்டு."

எனக்குப் பழி வரக் கூடாது என்று மறைத்தானா, பேரைப் பங்கு போட மனசில்லையா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்கிற ஆளும் இல்லை. கேள்வி கேட்டவர் மன்னிக்கவும், ஸ்லாட்டன் விஷயத்திலும் என்னால் இதற்கு மேல் பிரித்துச் சொல்ல முடியாது.

யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: ஆமாம், அந்த ஆறாவது உதையை நான் பிடித்திருக்கலாம். இடது பக்கம், இடுப்பு உயரம், வேகமும் இல்லை. நான்தான் சீக்கிரமே வலது பக்கம் விழுந்துவிட்டேன்.