அபார்ட்மென்ட்டில் இருந்தபடியே, படமெடுத்தும் சிறு கைவேலைகள் செய்தும் பனிக்காலத்தை ரசிக்க முடியுமா?

கனடாவில் இது உங்களுக்கு முதல் குளிர்காலம் என்றும், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றும், பனிச்சறுக்கு போன்றவற்றில் நாட்டமில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பால்கனியைத் தாண்டாமலே பனியைப் படமெடுக்கவும் அதை வைத்துக் கைவேலை செய்யவும் வழி உண்டா, அதற்கு நல்ல கேமரா வாங்கியே தீர வேண்டுமா என்பது உங்கள் கேள்வி. வழி தாராளமாக உண்டு, கேமராவுக்கு அவசரமில்லை. டொராண்டோவை அடுத்த மிசிசாகாவில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனியிலிருந்தே பல குளிர்காலங்களைப் பார்த்துவிட்டவள் என்ற முறையில், நான் உங்களை முதலில் வாங்கச் சொல்வது பால்கனியில் மாட்டிவைக்கும் சாதாரண வெப்பமானி ஒன்றைத்தான்.

காரணம், எல்லா நாளும் விழுவது ஒரே பனி அல்ல. பூஜ்ஜியத்தை ஒட்டிய நாளில் விழும் பனி ஈரமாக இருக்கும், கையில் அள்ளி அழுத்தினால் உருண்டையாகத் திரளும், ஆனால் அதில் அழகான படிகம் ஒன்றைக்கூடத் தேடிப் பிடிக்க முடியாது. மைனஸ் பத்தைத் தொடும் நாளிலோ பனி உதிரியாகக் கொட்டும். உருண்டை பிடிக்க வராது, ஆனால் ஒவ்வொரு துகளும் தனித்தனியாகப் பார்க்கத் தகுந்ததாக இருக்கும். பனிமனிதன் செய்யலாம் என்று பிள்ளைகளை மூட்டை போலப் போர்த்திக் கூட்டிவந்து, பனி திரள மறுப்பதைப் பார்த்துத் திகைத்து நிற்கும் பெற்றோரை ஆண்டுதோறும் எங்கள் கட்டடத்துப் புல்வெளியில் காண்கிறேன். அன்றைய வேலை என்ன என்பதை நாம் முடிவு செய்வதைவிட வெப்பமானியிடம் விட்டுவிடுவது நல்லது.

ஜன்னல் வழியே எடுக்கும் படங்களிலிருந்து தொடங்குகிறேன். இதில் எல்லோருக்கும் நேரும் குறை, கண்ணுக்குப் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும் பனி படத்தில் சாம்பல் நிறமாக வந்து நிற்பது. புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. கேமராவின் ஒளிமானியோ எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் என்றே எண்ணிக் கணக்கிடுவதால், வெளிச்சம் அதிகம் என்று தீர்மானித்துப் படத்தை இருட்டாக்கிவிடுகிறது. போனில் எடுப்பவர்கள் திரையைத் தொட்டதும் தோன்றும் சூரியக் குறியைச் சற்று மேலே நகர்த்தினால் போதும்; கேமராவில் எடுப்பவர்கள் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 அல்லது +1.5 என்று வைத்துக்கொள்ளலாம். விழுகிற பனி படத்தில் தெரிய வேண்டுமானால் பின்னணி இருண்டதாக இருக்க வேண்டும். வெளிறிய வானத்தை நோக்கி எடுத்தால் ஒன்றுமே தெரியாது, எதிரே நிற்கும் ஊசியிலை மரத்தையோ செங்கல் சுவரையோ பின்னணியாக வைத்தால் ஒவ்வொரு துகளும் எடுத்துக் காட்டும். கேமராவின் ஷட்டர் திறந்து மூடும் வேகத்தை 1/250 நொடி அல்லது அதைவிட வேகமாக வைத்தால் துகள்கள் புள்ளிகளாக உறைந்து நிற்கும், 1/30 நொடிக்கு மெதுவாக்கினால் கோடுகளாக இழுபடும்; எனக்குக் கோடுகள்தான் பிடிக்கும். டிசம்பர் கடைசியில் இங்கே மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. அதற்கடுத்த அரை மணி நேரம் பனிப்பரப்பு முழுவதும் நீலம் பாய்ந்து கிடக்கும். அறை விளக்குகளை அணைத்துவிட்டு, ஃப்ளாஷைத் தவிர்த்து, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால் உங்கள் முகத்தின் பிரதிபலிப்பு விழாமல் அந்த நீலத்தை அப்படியே எடுத்துவிடலாம்.

ஆனாலும் ஜன்னல் காட்சிகள் ஜனவரி பாதியிலேயே அலுத்துவிடும் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அலுக்காதது ஒற்றைப் பனித்துகளைக் கிட்டத்தில் எடுப்பதுதான்.

இதை முதலில் சாதித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற சிற்றூரின் விவசாயக் குடும்பத்தில் பிறந்த வில்சன் பென்ட்லி. நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்து, 1885ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் தேதி அவர் ஒரு பனிப்படிகத்தைப் படம்பிடித்தபோது அவருக்கு இருபது வயது நிறையவில்லை. 1931இல் இறப்பதற்குள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகங்களை எடுத்துவிட்டார். குளிரூட்டிய கரும்பலகையில் துகள்களைப் பிடித்து, நல்லதை மெல்லிய குச்சியால் கண்ணாடித் தகட்டுக்கு மாற்றி, இறகால் மெதுவாக அழுத்தி, தன் மூச்சுக்காற்று படாமல் பார்த்துக்கொண்டு படமெடுப்பது அவர் முறை. வீட்டில் நாம் செய்யப்போவதும் ஏறத்தாழ அதுவே.

கறுப்புக் கம்பளித் துணி அல்லது வெல்வெட் துண்டு ஒன்றை அட்டையில் ஒட்டி, பனி பெய்யும் நாளில் அரை மணி நேரம் முன்னதாகவே பால்கனியில் கூரையின் கீழ் வைத்துவிடுங்கள். வீட்டுக்குள்ளிருந்து அந்தச் சூட்டோடு கொண்டுபோனால் விழும் துகள் எல்லாம் உடனே நீர்த்துளியாகிவிடும். துணி நன்றாகக் குளிர்ந்தபின் அதைப் பனியில் சில நொடிகள் நீட்டிவிட்டு மறைவுக்கு இழுத்துக்கொள்ளுங்கள். சிறியதை மிகக் கிட்டத்தில் பெரிதாக எடுக்க உதவும், போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் கிளிப் ஒன்று இருந்தால் போதும். இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகாத அந்தத் துகளின் நடுவில் சிறு அறுகோணத் தகடு இருக்கும். அதன் ஆறு முனைகளிலிருந்தும் கிளைகள் கிளம்பும். ஒவ்வொரு கிளையிலிருந்தும் 60 பாகைச் சாய்வில் துணைக்கிளைகள் பிரியும். தகட்டின் மேற்பரப்பில் வரப்பு கட்டியது போல மெல்லிய மேடுகள் ஓடும். டார்ச்சை நேர் மேலிருந்து அடித்தால் இவை எதுவும் தெரியாமல் வெறும் வெள்ளைப் பொட்டுத்தான் வரும். பக்கவாட்டில், துணியை ஒட்டித் தாழ்வாக டார்ச்சைப் பிடித்தால் அந்த மேடுகளின் ஒரு பக்கம் மட்டும் ஒளிர்ந்து துகள் எழும்பி நிற்கும். பிள்ளைகளில் ஒருவரை டார்ச் பிடிக்கச் சொல்லுங்கள், மூச்சை வேறு பக்கம் விடச் சொல்லவும் மறக்காதீர்கள்.

வாழ்த்து அட்டைகளில் அச்சடித்திருப்பது போன்ற பிழையற்ற நட்சத்திரங்கள் குறைவாகத்தான் கிடைக்கும். பெரும்பாலானவை முனை உடைந்தும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டும், ஒரு பக்கக் கிளை மட்டும் நீண்டும்தான் வந்து சேரும். காற்றடிக்கும் நாளில் எல்லாமே நொறுங்கல்தான். அவற்றையும் எடுத்துவையுங்கள், ஏனெனில் உருவ வேறுபாடுகளுக்குப் பின்னால் காரணம் இருக்கிறது. ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் உகிசிரோ நகாயா என்ற இயற்பியலாளர் 1936இல் குளிர்அறைக்குள் ஒரு முயல் ரோமத்தின் நுனியில் செயற்கையாகப் பனிப்படிகத்தை வளர்த்துக் காட்டினார். வெப்பநிலையும் ஈரப்பதமும் மாற மாற உருவமும் மாறுவதை அவர் வரைபடமாகவே தந்தார். மேகத்தில் மைனஸ் 2 பாகையை ஒட்டித் தட்டையான தகடுகளும், மைனஸ் 5 பாகையை ஒட்டி ஊசிகளும் தூண்களும், மைனஸ் 15 பாகையை ஒட்டிக் கிளைவிட்ட பெரிய நட்சத்திரங்களும் உருவாகின்றன. உங்கள் வெப்பமானி காட்டுவது தரைமட்டக் குளிரை. மேகம் பெரும்பாலும் அதைவிடக் குளிர்ந்திருக்கும். எனவே பால்கனியில் மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வரை இருந்து, காற்றும் அடங்கியிருந்தால், துணியை எடுத்துக்கொண்டு போகலாம். படத்தோடு தேதியையும் வெப்பநிலையையும் ஒரு நோட்டில் பிள்ளைகளை எழுதிவைக்கச் சொன்னால், குளிர்காலம் முடிவதற்குள் அவர்களே முன்கூட்டி ஊகிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

துகளின் வடிவத்தை நிரந்தரமாகப் பிடித்துவைக்கவும் முடியும். வின்சென்ட் ஷேஃபர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1940களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு பிளாஸ்டிக் கரைசலைப் பயன்படுத்தினார், அது வீட்டுக்கு ஏற்ற ரசாயனம் அல்ல. நமக்கு ஃபெவிக்விக் வகையைச் சேர்ந்த உடனடிப் பசை போதும். நுண்ணோக்கிக் கண்ணாடித் தகடுகளையும், அவற்றை மூடும் மெல்லிய கண்ணாடிச் சில்லுகளையும், பசைக் குப்பியையும் வெளியே வைத்து நன்றாகக் குளிரச் செய்து, நல்ல துகள் ஒன்று தகட்டில் விழுந்ததும் அதன்மேல் ஒரு துளி பசையை விட்டுச் சில்லால் மூடி, விரல் சூடு படாமல் எடுத்து, ஃப்ரீசரின் மூலையில் இரண்டு வாரம் தொடாமல் வைத்துவிட வேண்டும். பசை இறுகியபின் பனி போய்விடும், அதன் அச்சு மட்டும் பசைக்குள் வெற்றிடமாக நிற்கும். எல்லாத் தகடும் தேறாது. தேறியவற்றை எந்த லென்ஸின் கீழும் கோடையில்கூடப் பார்க்கலாம். பசை வேலையைப் பெரியவர்கள் மட்டும் செய்யுங்கள்.

பிள்ளைகளுக்கு ஏற்றது காகிதம். கடைகளில் தொங்கும் காகிதப் பனித்துகள்கள் பலவற்றுக்கு எட்டு முனை இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மடிக்கச் சுலபம் என்பதால் அப்படிச் செய்துவிடுகிறார்கள். உண்மைத் துகளுக்கு ஆறு, ஏனெனில் பனிக்கட்டிக்குள் நீர் மூலக்கூறுகள் அறுகோணமாகவே அடுக்கப்படுகின்றன. சதுரக் காகிதத்தை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கி, அதை இன்னொரு முறை பாதியாக மடித்து, பிறகு நடுமூலையை மையமாக வைத்து மூன்று சம பங்காக ஒன்றன்மேல் ஒன்றாக மடித்தால் பன்னிரண்டு அடுக்கு வரும். மேலே துருத்தும் முனைகளை வெட்டிவிட்டு, நீங்கள் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதன் கிளைகளைப் பார்த்தே கத்தரிக்கச் சொல்லுங்கள். மனம்போனபடி வெட்டுவதைவிட இதில் பிள்ளைகள் வெகுநேரம் ஒன்றிப்போகிறார்கள்.

இந்த இடத்தில் என் மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை. கும்பகோணத்திலிருந்து வந்து எங்களோடு ஒரு குளிர்காலம் தங்கியிருந்தபோது, போனில் ஒரு துகளின் படத்தைப் பார்த்துவிட்டு, "இது ஏழு நாலு இடைப்புள்ளிதானேம்மா" என்றார். நடுவரிசையில் 7 புள்ளி, இருபுறமும் ஒவ்வொன்றாகக் குறைத்து 4 வரை இடைப்புள்ளி வைத்தால் வெளிவடிவம் சரியான அறுகோணமாக வந்துவிடுகிறது. அதன் நடுப்புள்ளியிலிருந்து ஆறு பக்கமும் கிளை இழுத்தால் பனித்துகள் கோலம் தயார். பொங்கல் இங்கே கடுங்குளிரின் நடுவில்தான் வருகிறது. பால்கனியில் சேர்ந்த பனியைத் தாம்பாளத்தின் அடிப்புறத்தால் தட்டிச் சமமாக்கி, கேசரிப்பவுடர் கலந்த தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றிக் கோடிழுத்தால், மைனஸ் பத்தில் அது விழுந்த இடத்திலேயே உறைந்துவிடும். வெள்ளைத் தரையில் வண்ணக் கோடு. அடுத்த பனிப்பொழிவு வரை கலையாமல் இருக்கும், மேலிருந்து எடுத்தால் படத்துக்கும் நன்றாக அமையும்.

இரவு முழுவதும் மைனஸ் பத்துக்குக் கீழே நிற்கும் என்று வானிலை அறிக்கை சொன்னால் பனிக்கட்டி விளக்கு செய்யலாம். பின்லாந்தில் இது வீட்டுக்கு வீடு வழக்கம். ஒரு பிளாஸ்டிக் வாளியில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி வெளியே வைத்தால் மேற்பரப்பும் பக்கங்களும் முதலில் உறையும், நடுவும் அடியும் தண்ணீராகவே இருக்கும். எத்தனை மணி நேரம் என்பது குளிரைப் பொறுத்தது; பக்கச் சுவர் இரண்டு விரல் தடிமன் வந்ததும் உள்ளே கொண்டுவந்து, வாளியின் வெளிப்புறத்தில் வெந்நீர் காட்டிக் கவிழ்த்து, இப்போது மேலே வந்துவிட்ட மெல்லிய அடியை உடைத்துத் தண்ணீரைக் கொட்டினால் கிண்ணம் போன்ற கூடு கிடைக்கும். ஆரஞ்சு வில்லைகளையோ கிரான்பெர்ரிப் பழங்களையோ தண்ணீரில் முன்பே போட்டுவைத்தால் அவை சுவருக்குள் பதிந்து நிற்கும். பல கட்டடங்களில் பால்கனியில் மெழுகுவத்தி ஏற்ற அனுமதி இல்லாததால் பேட்டரியில் எரியும் சிறு விளக்கை உள்ளே வையுங்கள்.

இன்னும் கடுமையான குளிரில், மைனஸ் 15க்குப் பக்கத்தில், காற்றில்லாத காலையில் சோப்புக் குமிழியை உறைய வைத்துப் பார்க்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவமும், கார்ன் சிரப்பும், கொஞ்சம் சர்க்கரையும் கலந்து ஆறவைத்து, ஸ்ட்ரா கொண்டு பனியின் மேலேயே குமிழி ஊதினால், அடியிலிருந்து இறகு இறகாகப் படிகங்கள் ஏறி மேலே சேரும். வீடியோவாக எடுப்பதுதான் சரி; சூரியனை எதிரே வைத்து எடுங்கள்.

கடைசியாகக் கருவியைப் பற்றி. குளிரில் பேட்டரி வேகமாக இறங்கும் என்பதால் போனை உட்சட்டைப் பையில் வைத்திருந்து எடுக்கும்போது மட்டும் வெளியே எடுங்கள். திரும்ப உள்ளே வரும்முன், வெளியிலேயே அதை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காதீர்கள்; ஈரம் பையின் மேல் படியும், லென்ஸுக்குள் இறங்காது. இந்தக் குளிர்காலத்தை உங்களிடம் இருக்கும் போனிலேயே எடுங்கள். மார்ச் முடிந்தும் பிள்ளைகள் துகள் படங்களைத்தான் திரும்பத் திரும்பப் புரட்டுகிறார்கள் என்றால், அப்போது மேக்ரோ லென்ஸ் பொருத்தக்கூடிய பழைய கேமரா ஒன்றைப் பாதி விலையில் தேடலாம்.