பி.டி. பீரியடில் என் மகளை ஓரமாக உட்கார வைக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 10 வயது. போன வருடம் ஓட்டப்பந்தயத்தில் மயங்கி விழுந்தாள். ஈசிஜியும் மரபணுப் பரிசோதனையும் பார்த்து 'லாங் க்யூடி, முதல் வகை' என்றார்கள். புரோப்ரனலால் மாத்திரை சாப்பிடுகிறாள், அதன்பிறகு மயக்கம் இல்லை. பள்ளியில் விளையாடவே விடுவதில்லை. வீட்டுக்கு வந்து அழுகிறாள். விளையாட விடலாமா?

பதில்: பெரும்பாலும் விடலாம் அம்மா. ஆனால் இதய மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு.

ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடுத்த துடிப்புக்காக மின்னளவில் தயாராக வேண்டும். உங்கள் மகளுக்கு அது தாமதமாகிறது, அதைத்தான் லாங் க்யூடி என்கிறோம். ஓடும்போது அட்ரினலின் ஏறித் துடிப்பு வேகமாகும், இதயம் தயாராகும் நேரமோ அதற்கேற்பக் குறைவதில்லை. அப்போதுதான் துடிப்பு தாறுமாறாகி மயக்கம் வருகிறது. மாத்திரை இந்த அட்ரினலின் தாக்கத்தைத்தான் அடக்குகிறது.

முன்பெல்லாம் இந்தக் குழந்தைகளுக்கு எல்லா விளையாட்டையும் தடுத்தோம். 2015-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல், சிகிச்சையில் குறைந்தது 3 மாதம் தொந்தரவு இல்லாதிருந்தால் போட்டி விளையாட்டைக்கூட யோசிக்கலாம் என்றது. மாத்திரை சாப்பிடும் நிலையிலேயே ஒரு டிரெட்மில் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். அது சரியாக இருந்தால் நடை, சைக்கிள், ஷட்டில் என்று தொடங்கலாம். உச்சி வெயில் வேண்டாம். தலை சுற்றினால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும்.

நீச்சலில் மட்டும் நான் கறாராக இருப்பேன். முதல் வகைக்கு அது மிகவும் ஆபத்தானது. குளம், கிணறு, நீச்சல்குளம் எதிலும் தனியாக இறங்கவே கூடாது.

மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீர்கள், மதிய வேளை மாத்திரை பள்ளியில் தவறிப்போவது சகஜம். வாந்தி பேதி வந்தால் பொட்டாசியம் குறையும், மாத்திரையும் வெளியே வந்துவிடும். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அசித்ரோமைசின் (கிருமிக்கொல்லி), ஒன்டன்செட்ரான் (வாந்தியை நிறுத்துவது) போன்ற சாதாரண மருந்துகள்கூட இவளுக்கு ஆகாது. எந்த டாக்டரிடம் போனாலும் நோயின் பெயரை முதலில் சொல்லுங்கள்.

பள்ளிக்கு டாக்டர் கடிதம் கொடுங்கள். இந்த மயக்கத்தில் கைகால் வெட்டும், வலிப்பு என்று நினைத்துச் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். அது உதவாது. கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால், 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தமாக அமுக்க வேண்டும். பி.டி. ஆசிரியர் இதைப் பழகிக்கொள்வது நல்லது.

அப்புறம், வேறு பரம்பரைத் துடிப்புக் கோளாறுகளுக்கு, முக்கியமாக சிபிவிடி என்பதற்கு (ஓடும்போதோ பதறும்போதோ துடிப்பு தாறுமாறாகும் இன்னொரு நோய்), இந்தப் பதில் பொருந்தாது; சிபிவிடியில் கட்டுப்பாடு இன்னும் அதிகம்.

நீங்களும் கணவரும் ஈசிஜி எடுத்தீர்களா? இது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் இவளுடன் பிறந்த ஒவ்வொருவருக்கும் இருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. எல்லோரும் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். ஈசிஜி இயல்பாக இருந்தாலும், இவளிடம் கண்ட அந்த மரபணு மாற்றம் இருக்கிறதா என்று இரத்தத்தில் பார்ப்பதுதான் உறுதியான வழி.