குளோராந்தாவும் ரூன்குவெஸ்ட்டும்: எது முதலில்?

வணக்கம்.

1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் ஆட்டத்தை (ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடுவது) பார்த்துத்தான் ரூன்குவெஸ்ட் ஆட்டம் உருவானது, அதன் கதைக்களமான குளோராந்தா என்ற கற்பனை உலகம் அதற்குப் பிறகு ஒட்டவைத்தது என்கிறான் நண்பன். சரிதானா? ரூன்குவெஸ்ட்டில் ஏன் பாத்திரம் படிப்படியாக ஏறும் லெவல் கிடையாது? பழைய பதிப்பை வாங்கி இன்று ஆடலாமா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொன்னது பாதிதான் சரி. கிரெக் ஸ்டாஃபோர்ட் குளோராந்தாவை எழுதத் தொடங்கியது 1966இல், விஸ்கான்சினில் கல்லூரி மாணவராக இருந்தபோது. ரோல்பிளேயிங் என்றொரு ஆட்டமே அப்போது கிடையாது. 1975இல் கேயாசியம் நிறுவனத்தைத் தொடங்கி, குளோராந்தாவின் டிராகன் பாஸ் பகுதியில் சார்ட்டார் நாட்டுக்கும் லூனார் பேரரசுக்கும் நடக்கும் போரைப் பலகை ஆட்டமாக வெளியிட்டார். பெயர் ‘ஒயிட் பேர் அண்ட் ரெட் மூன்’. ரூன்குவெஸ்ட் வந்தது 1978இல்தான்.

ரூன்குவெஸ்ட்டின் விதிகளை எழுதியவர்கள் ஸ்டீவ் பெர்ரின், ரே டர்னி முதலானோர். இடைக்கால வாள்சண்டையை உடம்பால் செய்துபார்க்கும் எஸ்.சி.ஏ. அமைப்பில் தொடக்கம் முதலே இருந்தவர் பெர்ரின். அது விதிகளில் தெரியும். டன்ஜன்ஸில் நல்ல கவசம் போட்டவன்மேல் அடி படுவதே அரிது. இங்கே அடி படும், கவசம் அதன் வேகத்தைத்தான் குறைக்கும். பட்ட இடத்தை இருபது பக்கப் பகடை சொல்லும்: 1 முதல் 4 வரை வலது கால், 12 மார்பு, 19, 20 தலை. அடிப்பவன் பகடை உருட்டியபின் தடுப்பவனும் உருட்டுவான்.

திறன்கள் எல்லாம் சதவீதத்தில். ஆட்டத்தில் ஒரு திறன் பலித்தால் பக்கத்தில் ஒரு டிக். பிறகு பகடை சாதகமானால் 5 கூடும். திறன் உயர உயர அந்த வாய்ப்பு குறையும். லெவலின் இடத்தில் இருப்பது கோயில். ஒரு தெய்வத்தின் வழிபாட்டுக் குழுவில் சேர்ந்து, அது கேட்கும் திறன்களில் 90 சதவீதம் எட்டினால் ரூன் லார்ட் என்ற உயர்நிலையை அடையலாம். ஸ்டாஃபோர்டின் புராணங்கள் விதிக்குள் புகுந்த இடம் இதுதான். என்னைக் கேட்டால், இந்த வழிபாட்டுக் குழுக்களைப் பற்றி 1979இல் வந்த ‘கல்ட்ஸ் ஆஃப் ப்ராக்ஸ்’ நூலை விதிப்புத்தகத்துக்கு முன்பே படித்துவிடுங்கள்.

ஆடும்போது இரண்டு சிக்கல்கள் வரும். டிக் வாங்குவதற்காகவே ஒரே சண்டையில் ஈட்டி, கோடரி, வாள் என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒரு சண்டைக்கு ஒரு ஆயுத டிக் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இன்னொன்று, இரு தரப்பும் தேர்ந்தவர்களானால் சண்டை முடியவே முடியாது. அடிப்பவனுக்கு 90, தடுப்பவனுக்கு 90 என்றால், நூற்றில் ஏறக்குறைய 9 அடிதான் தடுப்பைத் தாண்டும். ஒற்றைக்கு ஒற்றை மோதவிடாமல் ஒருவனை இருவர் சூழவிடுங்கள். எல்லா அடியையும் அவனால் தடுக்க முடியாது.

வாங்குவதானால் இரண்டாம் பதிப்பு. 1984இல் ஆவலன் ஹில் வெளியிட்ட மூன்றாம் பதிப்பு நம் பூமியின் பழங்காலத்தைக் களமாக எடுத்துக்கொண்டது. குளோராந்தா அந்தப் பெட்டியில் தனிப் புத்தகமாக ஒரு மூலைக்குப் போய்விட்டது.