'தடுத்தேன், போய்விட்டான்' என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

கேள்வி: குளச்சல் பக்கம் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கும் மெயிலும் பார்க்கிறேன். போன வாரம் கொச்சிக்குப் போன எங்கள் லாரியைக் கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைச் செக்போஸ்டில் நிறுத்தி, பேப்பர் எல்லாம் பார்த்து விடுவதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது. 'டிரைவர் அரெஸ்டட் அட் களியக்காவிளை' என்று சரக்கு வாங்குகிறவருக்கு எழுதினேன். வக்கீல் வைத்தாயிற்றா என்று அங்கிருந்து போன் வருகிறது! அகராதியில் 'தடு' என்று தேடினால் ஒரு டஜன் வார்த்தைகள். எதை எங்கே போடுவது?

பதில்: வக்கீல் செலவு மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் தேடிய சொல் 'ஹெல்ட் அப்'. 'த லாரி வாஸ் ஹெல்ட் அப் ஃபார் டூ அவர்ஸ்' என்றால் வழியில் மாட்டித் தாமதமானது, அவ்வளவுதான். செக்போஸ்டுக்கும் சரி, மார்த்தாண்டம் டிராஃபிக்குக்கும் சரி. காரணத்தை மட்டும் கூடவே எழுதிவிடுங்கள். துப்பாக்கியைக் காட்டிக் கொள்ளையடிப்பதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். அப்புறம் இன்சூரன்ஸ்காரர் போன் செய்வார்.

'டீட்டெய்ன்' இதைவிட ஒரு படி மேல். அதிகாரம் உள்ளவர் போகவிடாமல் பிடித்து வைப்பது. கைது செய்யாமலும் ஒருவரை டீட்டெய்ன் செய்யலாம். சரக்குக்கும் வண்டிக்கும்கூடப் பொருந்தும். ஜிஎஸ்டி சட்டத்தின் 129ஆம் பிரிவு வழியில் சரக்கைப் பிடித்து வைப்பதை இந்தச் சொல்லால்தான் சொல்கிறது. உத்தரவு எழுதிக் கொடுத்து வண்டியை ஓரங்கட்டினால் டீட்டெய்ன்ட். பேப்பரைப் புரட்டிவிட்டு 'போ' என்று விட்டால் ஹெல்ட் அப்.

இனி அந்த ஒரு டஜனுக்கு வருவோம். நம் கடற்கரை வீடுகளில் தாய்மார் சொல்லி அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்று: "நான் எவ்வளவோ தடுத்தேன், கேக்காம கடலுக்குப் போயிட்டான்." தமிழில் இதில் ஒரு குற்றமும் இல்லை. 'வேண்டாம்' என்று கையை நீட்டினாலே நமக்குத் தடுத்தாயிற்று. அவன் நின்றானா போனானா என்பது அடுத்த பேச்சு. ஆங்கிலத்தில் 'ஐ ப்ரிவென்டட் ஹிம்' என்று எழுதிவிட்டால் அவன் போகவே இல்லை என்று ஆகிவிடும். அதன் பின்னால் 'பட் ஹி வென்ட்' என்று சேர்த்தால் படிக்கிறவர் தலையைச் சொறிவார். 'ஸ்டாப்' கதையும் அதேதான். 'ஐ ட்ரைட் டு ஸ்டாப் ஹிம்' என்று முயற்சியைத் தனியாகச் சொன்னால்தான் அந்தத் தாய் சொன்னது ஆங்கிலத்துக்கு வரும். எனக்குத் திருத்த வருகிற கடிதங்களில் இந்தத் தப்பைத்தான் அதிகம் பார்க்கிறேன். அகராதியும் இதைச் சொல்லித் தருவதில்லை.

ஆகவே அர்த்தத்தைப் பார்க்கும் முன்பு, காரியம் கடைசியில் நடந்ததா இல்லையா என்று பாருங்கள். நடக்கவே இல்லை என்றால் ப்ரிவென்ட் அல்லது ஸ்டாப். இழுபறியாக நடந்து முடிந்தது என்றால் ஹிண்டர், ஹேம்பர், இம்பீட். சாயங்காலம் முடிய வேண்டிய லோடு மழையில் நனைந்து நனைந்து ராத்திரி பத்து மணிக்கு முடிந்ததா? 'ரெய்ன் ஹேம்பர்ட் த லோடிங்'. அங்கே 'ப்ரிவென்டட்' போட்டால் சரக்கே வராது என்று அவர் வேறு ஆளைப் பார்ப்பார். இம்பீட் எல்லாம் அரசு அறிக்கைக்கான சொல், மெயிலுக்கு வேண்டாம். ரப்பர் மரம் முறிந்து ரோட்டின் குறுக்கே கிடந்தால் 'பிளாக்ட்'. பயமோ தயக்கமோ உண்டாக்கிப் பின்வாங்க வைத்தால் 'டிட்டர்'.

மீன்பிடித் தடைக்காலத்தில் வரும் 'தடை' வேறு. அது 'பேன்'. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதை எழுதும்போது கரையையும் சேர்த்து எழுதுங்கள். விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கரையான சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரையான குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. வெளியூர்க்காரருக்கு இது தெரிந்திருக்காது.

'ஃப்ரம்' என்ற துக்கடாச் சொல்லை விட்டுவிடாதீர்கள். 'கீப் ஹிம் ஃப்ரம் கோயிங்' என்றால் அவனைப் போகவிடாதே. ஃப்ரம் விழுந்து 'கீப் ஹிம் கோயிங்' ஆனால், அவன் நின்றுவிடாமல் போய்க்கொண்டே இருக்கும்படி பார்த்துக்கொள் என்று நேர் எதிராகிவிடும். 'அவாய்ட்' போட்டும் பலர் எழுதுகிறார்கள்: 'ஐ அவாய்டட் ஹிம் டு கோ'. அவாய்ட் என்பது நாம் ஒதுங்கிக்கொள்வது, அடுத்தவரைத் தடுப்பது அல்ல.

'ரிஸ்ட்ரெயின்' அன்றாடப் பேச்சில் கைகலப்புச் சொல். அடிக்கப் பாய்கிறவனை நாலு பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டால் அது ரிஸ்ட்ரெயின். போலீஸ் ஸ்டேஷனில் இதற்கே வேறு முகம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 126ஆம் பிரிவு 'ராங்ஃபுல் ரிஸ்ட்ரெயின்ட்'. மேலே விரல்கூடப் பட வேண்டாம். உங்களுக்கு உரிமையுள்ள நடைபாதையில் பக்கத்து வீட்டுக்காரர், தனக்கு அடைக்க உரிமை இல்லை என்று தெரிந்தே, முள்வேலி போட்டு உங்களைப் போகவிடாமல் செய்தால் போதும். 1860ஆம் ஆண்டின் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் 339ஆம் பிரிவு இதையேதான் சொன்னது. அந்த வாசகத்தில் நம் சொற்கள் அழகாக வரிசை கட்டி நிற்கும்: செய்கை 'அப்ஸ்ட்ரக்ட்' (மறிப்பது), அதன் விளைவு 'ப்ரிவென்ட்', குற்றத்தின் பெயர் ரிஸ்ட்ரெயின்ட். வேலி போட்டது மட்டும் போதாது, நீங்கள் போக முடியாமலும் ஆகியிருக்க வேண்டும். ஒரு திசையில் மறித்தால் 126. எந்தப் பக்கமும் போகவிடாமல் அறையில் போட்டுப் பூட்டினால் 127, 'ராங்ஃபுல் கன்ஃபைன்மென்ட்', தண்டனையும் கூடுதல்.

சரி, கொச்சிக்கு இன்றே ஒரு வரி போட்டுவிடுங்கள்: 'த லாரி வாஸ் ஹெல்ட் அப் ஃபார் டூ அவர்ஸ் ஃபார் எ டாக்குமென்ட் செக். நோபடி வாஸ் அரெஸ்டட்.'